ஆனைமலைக்கு 5 இரவு: எந்த ஊரில் தங்கினால் சரிவரும்?

அரசலாறு (கும்பகோணம்) கேட்கிறார்:

எல்லாருக்கும் வணக்கம். சம்பா அறுப்பு முடிந்து நெல்லும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. வயலில் உளுந்து தெளித்திருக்கிறோம். அது அறுப்புக்கு வரும்வரை வீட்டில் எல்லாருக்கும் கை ஓய்வுதான். மாசியில் 5 இரவு, 6 நாள் மலைப் பக்கம் போகலாம் என்று திட்டம். மாசி மகத்துக்கு உறவுக்காரர்கள் வந்து இறங்குவார்கள், அதற்கு முன்னால் வீடு திரும்பியாக வேண்டும்.

ஆறு பேர். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66 (முழங்கால் வலி, படி ஏறச் சிரமம்), நாங்கள் இரண்டு பேர், பையன் எட்டாவது, பாப்பாவுக்கு ஆறு வயது. ஏழு பேர் உட்காரும் சொந்த வண்டி. நான்தான் ஓட்டப் போகிறேன்.

பார்க்க நினைப்பவை: டாப்சிலிப், பரம்பிக்குளம், வால்பாறை, இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு. மேப்பில் நாலும் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரிகின்றன. ஒரே ஊரில் ஐந்து இரவும் ரூம் போட்டு, தினம் ஒரு திசையாகப் போய்வந்தால் பெட்டி கட்டி அவிழ்க்கிற வேலை மிச்சம் என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு வால்பாறை ஆசை. மச்சான் மூணாறு என்கிறார். வாடகையைப் பார்த்தால் பொள்ளாச்சி மலிவு. எது சரி? ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்தாச்சு, அவை வேண்டாம்.

ஆழியாறு வழி:

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போகிற நேரத்தில் இரவிகுளம் மூடியிருக்கும். வரையாடு குட்டி போடும் பருவம் அது. வருஷா வருஷம் பிப்ரவரியும் மார்ச்சும் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். ஏப்ரல் பிறந்துதான் திறப்பு. டெல்டாக்காரர்களுக்கு அறுப்பு முடிந்து கை ஓய்கிற மாதமும் ஆட்டுக்குப் பிரசவ மாதமும் ஒன்றாக வந்து விழுகிறது, என்ன செய்ய. இது தெரியாமல் மூணாறில் இரண்டு இரவு முன்பணம் கட்டிவிட்டு, இரவிகுளத்தின் ராஜமலை கேட்டில் வந்து நிற்கிற வண்டிகள் ஒவ்வொரு மாசியிலும் உண்டு. வரையாடுதான் காரணம் என்றால், மாசியில் மூணாறைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆட்டுக்கு வேறு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

அடுத்தது அந்த மேப். வால்பாறையிலிருந்து டாப்சிலிப் பறவை பறக்கிற கணக்கில் 20 கி.மீ., மூணாறு 30 கி.மீ. ஆனால் நடுவில் இருப்பது காடும் புல்மலையும். பொதுமக்கள் போகிற ரோடு கிடையாது. வால்பாறையிலிருந்து டாப்சிலிப் போக வேண்டுமென்றால் 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வந்து, ஆனைமலை ஊர், சேத்துமடை செக்போஸ்ட் வழியாகத் திரும்ப மலை ஏற வேண்டும். 75 கி.மீ.க்கு மேல், மூன்று மணி நேரம். திரும்பி வர இன்னொரு மூன்று மணி. வால்பாறை–மூணாறு இன்னும் மோசம்: கீழே இறங்கி, உடுமலை போய், சின்னாறு வழியாக மறுபடி ஏறினால் 170 கி.மீ. போல, 6 மணி நேரம். ஒரே ஊரில் ஐந்து இரவு என்றால் பாதி விடுமுறை வண்டிக்குள்ளேயே போகும்.

தங்கும் ஊரைத் தேடும்போது பலரும் ரூமிலிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம், விடிகாலையில் நீங்கள் செக்போஸ்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது. மிருகம் கண்ணில் படுவது காலை முதல் இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்கிற நேரமும்தான். பத்து மணிக்கு டாப்சிலிப் போய்ச் சேர்ந்தால் தேக்கு மரத்தையும் புள்ளிமானையும் பார்த்துவிட்டு வரலாம். அதோடு காட்டு ரோடுகள் இருட்டினால் வெளியாட்களுக்கு இல்லை. சாயங்காலம் 5 மணிக்குள் செக்போஸ்டைத் தாண்டி வெளியே வந்துவிடுகிற மாதிரி ஒவ்வொரு நாளையும் கணக்குப் போடுங்கள்.

உங்கள் பட்டியலுக்கு இரண்டு ஊர் வேண்டும். டாப்சிலிப், பரம்பிக்குளம் இரண்டுக்கும் பொள்ளாச்சி, அல்லது இன்னும் நெருங்கி ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் பக்கம். அங்கே தென்னந்தோப்புக்குள் தங்கும் வீடுகள் இருக்கின்றன. பொள்ளாச்சியிலிருந்து டாப்சிலிப் 37 கி.மீ., ஆனைமலையில் தங்கினால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். காலையில் அந்த அரை மணி நேரத்துக்கு மதிப்பு அதிகம். மற்ற இரவுகளுக்கு வால்பாறை.

பரம்பிக்குளம் பற்றி ஒரு சங்கதி. புலிகள் காப்பகம் கேரளாவுடையது, ஆனால் வண்டி போகிற ரோடு தமிழ்நாடு வழியாக மட்டும்தான். அதனால் சேத்துமடையில் நம்மூர் வனத்துறைக்கு ஒரு கட்டணம், டாப்சிலிப் தாண்டி ஆனைப்பாடியில் கேரள வனத்துறைக்கு ஒரு கட்டணம் என்று இரண்டு தடவை கட்ட வேண்டும். உள்ளே சுற்றிக் காட்டுவது அவர்கள் வண்டியில், வழிகாட்டியோடு. துணக்கடவுப் பக்கம் இருக்கும் கன்னிமாரா தேக்கு 48 மீட்டர் உயரம், ஐந்து பேர் கைகோத்தால்தான் சுற்றி வளைக்க முடியும். டாப்சிலிப், பரம்பிக்குளம் இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். டாப்சிலிப்பில் கோழிகமுத்தி யானை முகாமுக்கும் சஃபாரிக்கும் வனத்துறை வேனுக்காகக் காத்திருக்கவே பாதி நாள் போகும். வேன் நிரம்பினால்தான் புறப்படும், வார நாளில் ஆள் சேரக் காத்திருக்க வேண்டும், சனி ஞாயிறில் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

போகுமுன் பொள்ளாச்சி மீன்கரை ரோட்டில் இருக்கும் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனி காட்டுத் தீ காலம். காடு காய்ந்தால் ஒரு நாள் முன்னறிவிப்பில்கூட சஃபாரியை நிறுத்துவார்கள். நடைப்பயணம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்ததற்குப் பிறகு அந்த விஷயத்தில் ரொம்பக் கறார்.

வெட்டாறு:

மேலே சொன்னவர் விவரம் தெரிந்தவர், மறுக்கவில்லை. ஆனால் பொள்ளாச்சி 300 மீட்டர் உயரம்கூட இல்லாத ஊர். மாசியில் மத்தியானம் நம்ம கும்பகோணத்துக்குக் குறையாத வெயில் அடிக்கும். வயல்காட்டு வெயிலிலிருந்து தப்பிக்கத்தானே மலைக்குப் போகிறோம்? தென்னந்தோப்பைப் பார்க்க 325 கி.மீ. எதற்கு, பட்டுக்கோட்டை போதாதா? பெரியவர்கள் இருக்கிற குடும்பம் டாப்சிலிப்பை ஒரு நாளோடு விட்டுவிட்டு, நாலு இரவும் வால்பாறையில் இருந்தால் என்ன குறை?

ஆழியாறு வழி:

குளிர் மட்டும் போதும் என்றால் ஒரு குறையும் இல்லை. அவர் கேட்டது காட்டையும் சேர்த்து. வெயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். அதனால்தான் பொள்ளாச்சி இரவுகளை முதலில் வைக்கச் சொல்கிறேன். அந்த நாட்களில் விடிகாலை கிளம்பி டாப்சிலிப்பில் (கிட்டத்தட்ட 800 மீட்டர்) பகலைக் கழித்துவிட்டு, வெயில் இறங்கிய பிறகு ரூமுக்கு வருவார்கள். தேக்கு இலை உதிர்ந்து நிற்கும் மாதம் என்பதால் காட்டுக்குள் தூரம்வரை கண் போகும், தண்ணீர் இருக்கிற இடத்துக்கு மிருகம் வந்தே ஆக வேண்டும். பச்சை வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை. மிருகம் வேண்டுமென்றால் மாசி.

டாப்சிலிப்பிலேயே தங்க வனத்துறை விடுதிகள் உண்டு, அம்புலி இல்லம் மாதிரி. முன்பதிவு கிடைத்தால் ஒரு இரவு அங்கே போடுங்கள், அதைவிட நல்ல இடம் இந்தப் பட்டியலில் இல்லை. ராத்திரி சிக்னல் இருக்காது, வெளியே நடமாட்டம் கூடாது, சாப்பாடு அவர்கள் கொடுப்பதுதான். ஆறு வயசுப் பாப்பாவுக்கு இது ஒத்துவருமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கொழுந்து:

வால்பாறை பக்கம் என்னால் சொல்ல முடிந்தது.

இ-பாஸ்: 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு எடுத்த அதே அரசு இணையதளத்தில்தான். வண்டி எண், எத்தனை பேர், எந்தத் தேதியில் வருகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும். ரூம் முடிவான பிறகு எடுங்கள். கியூஆர் கோடு உள்ள பக்கத்தை அச்செடுத்து வண்டியில் வையுங்கள். ஆழியாறு செக்போஸ்டில் வரிசையில் நின்றுகொண்டு போனில் தேடினால் பின்னால் இருக்கிறவர்கள் ஹாரன் அடித்தே கொன்றுவிடுவார்கள்.

ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்கைச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில், ஐந்து லிட்டர் கேன் எடுத்து வாருங்கள். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் வாழை இலையில் கட்டினால் பிரச்சினையே இல்லை.

ரூம் எடுக்கும்போது: வால்பாறையில் பாதிக் கட்டடங்கள் சரிவில் நிற்கின்றன. ரோட்டு மட்டத்தில் வரவேற்பறை, ரூம் இரண்டு மாடி கீழே, அல்லது தேயிலைத் தோட்டத்துக்குள் முப்பது நாற்பது கல்படி ஏறி. போட்டோவில் தெரியாது. "வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து ரூம் கதவு வரைக்கும் எத்தனை படி?" என்று போனில் கேளுங்கள். "கொஞ்சம்தான் சார்" என்றால் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவுக்கு ஊர் எது என்பதைவிட இதுதான் முக்கியம். கழிப்பறை மேற்கத்திய வகையா, வெந்நீர் எந்த நேரம் வரும் என்பதையும் அதே போனில் கேட்டுவிடுங்கள். எஸ்டேட் பங்களா ஆசை இருந்தால், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே எத்தனை கி.மீ. மண் ரோடு என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. தாழ்ந்த வண்டிகள் அங்கே அடியில் தட்டும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சின்னப் பிள்ளையைத் தேயிலைச் செடி ஓரம் தனியாக விடாதீர்கள். இது பயமுறுத்தல் இல்லை. வால்பாறையில் சிறுத்தை தேயிலைக்காட்டுக்குள்ளேயே நடமாடுகிறது, சிறு பிள்ளைகள் பலியான சம்பவங்கள் நடந்த ஊர். தங்கும் இடத்து வாசலில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

இப்போது வரையாடு. ஆழியாறிலிருந்து ஏறும்போது ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்கிற காட்சிமுனை. அங்கே பாறைச் சரிவிலும், பல நாள் ரோட்டோரத் தடுப்புச் சுவரிலேயே கூட, வரையாடு நிற்கும். டிக்கெட் இல்லை, நடை இல்லை, அம்மா வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள்ளும் நாலு மணிக்கு மேலும் வாய்ப்பு அதிகம். பிஸ்கெட் நீட்டாதீர்கள். உப்பும் இனிப்பும் பழகின ஆடு ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும். மாநில விலங்கு, பார்த்துவிட்டு விட்டுவிடுவோம்.

ஊருக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டம். சிங்கவால் குரங்குக் கூட்டம் ரோட்டின் இரு பக்க மரத்திலும் இருக்கும். முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு அது. மெதுவாகப் போங்கள், வளைவில் நிறுத்தாதீர்கள், கண்ணாடியை ஏற்றி வையுங்கள். இருவாச்சிப் பறவை பார்க்க வேண்டுமென்றால் அத்தி பழுத்து நிற்கும் மரத்தைத் தேடுங்கள். இறக்கைச் சத்தம் முதலில் வரும், யாரோ பெரிய பாயை உதறுகிற மாதிரி.

அருவியை நம்பி வராதீர்கள். ஆழியாறு கவியருவியில் (குரங்கருவி என்றால்தான் பலருக்குத் தெரியும்) மாசியில் பாறைதான் மிஞ்சும், குளிக்க விடவும் மாட்டார்கள். அட்டைத் தொல்லையும் அந்த மாதத்தில் அநேகமாக இல்லை, அது ஒரு லாபம். நல்லமுடி பூஞ்சோலைக்கு விடிகாலையில் போங்கள். பள்ளத்தாக்கு முழுக்கப் பார்வை கிடைக்கும்.

அரசலாறு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரவிகுளம் விஷயம் சுத்தமாகத் தெரியாது. மச்சானிடம் சொல்லியாச்சு.

இரண்டு விஷயம் முதலிலேயே சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு மூன்று வருடம் முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, இப்போது நன்றாக இருக்கிறார். இன்னொன்று, நான் 12 வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஆனால் மலை ரோட்டில் ஓட்டினதே இல்லை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாடகை வண்டியில்தான் போனோம். 40 வளைவு என்றதும் வீட்டில் யோசிக்கிறார்கள். மனைவிக்கும் பாப்பாவுக்கும் வளைவு என்றால் வாந்தி.

இரண்டாம் கியர்:

தம்பி, பயப்படாதீங்க. நம்ம ஊர்ல ஏத்தம்னா ஆத்துப் பாலமும் ரயில்வே மேம்பாலமும்தான். அந்தக் கைப்பழக்கத்தோட மலையில இறங்குறதுதான் ஆபத்து. ஏறுறது சுலபம், இறங்குறதுதான் வித்தை.

எந்த கியர்ல ஏறினீங்களோ அந்த கியர்லதான் இறங்கணும். வால்பாறை ரோட்டுக்கு அது பெரும்பாலும் இரண்டாவது, நிறை பாரத்தோட கொண்டை ஊசியில சிலது முதல் கியர் கேக்கும். நியூட்ரல்ல விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறது, கிளச்சை மிதிச்சுக்கிட்டே இறங்குறது, ரெண்டும் கூடவே கூடாது. எஞ்சின் பிடிச்சுக்கிட்டு இருந்தா பிரேக்குக்கு வேலை குறைச்சல். மேம்பாலத்துல இறங்குற மாதிரி நாலாவது கியர்ல பிரேக்கைத் தொட்டுக்கிட்டே வந்தா, பத்து வளைவு தாண்டுறதுக்குள்ள பிரேக் சூடாயிடும். முதல்ல கருகல் வாடை. அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும், வண்டி நிக்காது. வாடை வந்த உடனே அகலமான இடத்துல ஓரம் கட்டி, கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டு அரை மணி நேரம் விடுங்க. அவசரப்பட்டுத் தண்ணி ஊத்தாதீங்க, சூட்டுல டிஸ்க் நெளிஞ்சுடும். கிளம்பும்போது அந்தக் கல்லை ரோட்டை விட்டு எடுத்துப் போட்டுட்டு வாங்க, அடுத்தவன் பைக்ல வருவான்.

ஊர்லேர்ந்து கிளம்புறதுக்கு முந்தி மெக்கானிக்கிட்ட ரெண்டு கேளுங்க: பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கு, பிரேக் ஆயில் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா மாத்திடுங்க. அது ஈரத்தை இழுத்துக்கும், சூட்டுல கொதிச்சா பெடல்ல ஒண்ணும் இருக்காது. சமவெளியில இந்தக் குறை தெரியவே தெரியாது.

ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குறவங்க நின்னு விடணும். பஸ் கொண்டை ஊசியில திரும்ப ரோடு முழுக்க வேணும், அதனால பஸ்ஸைப் பார்த்தா வளைவுக்கு முந்தியே நின்னுடுங்க, வளைவுக்குள்ள போய் மாட்டிக்கிட்டா பின்னால வரவும் முடியாது. ஏத்தத்துல நின்னு கிளம்ப ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கிளச் கடிக்கிற இடம் வந்ததும் விடுங்க. இதை ஊர்லயே ஏதாவது மேம்பாலச் சரிவுல, ஆள் இல்லாத நேரமாப் பார்த்து பத்து தடவை பழகிடுங்க.

ஏழு பேர் வண்டியில ஆறு பேர்னா பெட்டிக்கு இடம் இருக்காது, மேல கேரியர்ல கட்டத் தோணும். தலை கனமான வண்டி வளைவுல சாயும். கனமானது எல்லாம் கீழ, கேரியர்ல துணி மூட்டை மட்டும்.

வாந்திக்கு: கடைசி வரிசையில யாருக்கு ஒத்துக்காதோ அவங்களை உக்கார வைக்காதீங்க, அங்கதான் ஆட்டம் அதிகம். வாந்தி வர்றவங்க முன் சீட்டு, இல்ல நடு வரிசை. போன் பார்க்கக் கூடாது, கண்ணு ரோட்டு மேல இருக்கணும். வயிறு காலியாவும் இருக்கக் கூடாது, நிறையவும் கூடாது, ரெண்டு இட்லி போதும். மாத்திரை போடுறதா இருந்தா ஆழியாறுக்கு ஒரு மணி நேரம் முந்தி. பாப்பாவுக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க, பெரியவங்க மாத்திரையை உடைச்சுக் கொடுக்காதீங்க. வண்டி ஓட்டுற நீங்க அதைத் தொடவே கூடாது, தூக்கம் வரும்.

யானை ரோட்டுல நின்னா ரொம்பத் தூரத்துலயே நிறுத்திடுங்க. ஹாரன் வேண்டாம், லைட்டை அடிக்க வேண்டாம், இறங்கவே வேண்டாம். நம்ம பக்கம் நடந்து வந்தா மெதுவா ரிவர்ஸ். போட்டோ எடுக்கப் பக்கத்துல போறவனைப் பார்த்து நீங்களும் போகாதீங்க.

கொழுந்து:

ஸ்டென்ட் பற்றி. வால்பாறை 1,000 மீட்டர் சொச்சம், மூச்சு முட்டுகிற உயரம் இல்லை. பிரச்சினை தூரம்தான். வால்பாறையில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆனால் பெரிய இதய சிகிச்சை என்றால் பொள்ளாச்சி, கோவைதான். பொள்ளாச்சிக்கே 64 கி.மீ., இறங்க இரண்டரை மணி நேரம். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டின் நகலோடு, மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பையில் வையுங்கள். பெட்டி ஒன்று தாமதமானாலும் மருந்து கையில் இருக்கும்.

மன்னை:

சொந்த வண்டிதான் வேண்டும் என்று கட்டாயமா? இல்லையென்றால் இப்படியும் யோசிக்கலாம். மன்னார்குடியிலிருந்து கோவைக்குச் செம்மொழி எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி, தஞ்சாவூரில் ஏறிக்கொள்ளலாம், விடியுமுன் கோவை. கும்பகோணத்திலேயே ஏற வேண்டுமென்றால் மயிலாடுதுறை–கோவை ஜன சதாப்தி, பகல் வண்டி, செவ்வாய்க்கிழமை கிடையாது, ராத்திரி கோவை போய்ச் சேரும். படுத்துக்கொண்டே போக பெரியவர்களுக்குச் செம்மொழிதான் வசதி. கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கி.மீ. உக்கடத்தில் பஸ், அல்லது அங்கிருந்தே ஆறு நாளைக்கு மலை ரோட்டில் ஓட்டிப் பழகின டிரைவரோடு வண்டி. செலவு கூடும். ஆனால் ஓட்டுகிறவரும் குடும்பத்தோடு சேர்ந்து வெளியே பார்க்கலாம், வளைவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காரில்தான் என்றால் வழி சொல்லவே வேண்டாம். தஞ்சாவூரைத் தொடும் தேசிய நெடுஞ்சாலை 83 அப்படியே திருச்சி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகிறது. நாகப்பட்டினத்திலிருந்து கோவை வரைக்கும் ஒரே எண். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் திண்டுக்கல்லில் டிபன், மத்தியானத்துக்குள் பொள்ளாச்சி.

அரசலாறு:

வீட்டில் உட்கார்ந்து பேசி இப்படி வந்திருக்கிறோம். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

முதல் நாள் கார், பொள்ளாச்சி வரை, வேறு ஒன்றுமில்லை. இரவு 1, 2 ஆனைமலைப் பக்கம் தோப்பு வீடு (தரைத்தளம், மூன்று படி, எண்ணிச் சொல்லச் சொன்னேன்). இரண்டாம் நாள் டாப்சிலிப். மூன்றாம் நாள் காலை பரம்பிக்குளம், மத்தியானம் இறங்கி நேராக வால்பாறை. இரவு 3, 4 வால்பாறை. ஐந்தாம் நாள் மலை இறங்கி அமராவதி அணை, முதலைப் பண்ணை, இரவு உடுமலை. ஆறாம் நாள் பழனியில் சாமி பார்த்துவிட்டு வீடு. வண்டியை நானே ஓட்டுகிறேன், மேம்பாலத்தில் பழக ஆரம்பித்துவிட்டேன்.

ஆழியாறு வழி:

ஒரே ஒரு இடம் இடிக்கிறது, மூன்றாம் நாள். பரம்பிக்குளம் சுற்றிவிட்டு ஆனைப்பாடிக்குத் திரும்பவே மூன்று நாலு மணி ஆகிவிடும். அதற்குப் பிறகு ஆழியாறு வந்து, முதல் தடவை மலை ஏறுகிற ஆள், இருட்டில், அட்டகட்டிக்கு மேல் பனிமூட்டத்தோடு 40 வளைவு. வேண்டாம். உடுமலை இரவை எடுத்து முன்னால் போடுங்கள்: தோப்பு வீட்டில் மூன்று இரவு, வால்பாறையில் இரண்டு. நாலாம் நாள் காலை ஆறரைக்கு ஆழியாறைத் தொட்டால் லோம்ஸ் வியூவில் ஆடு இருக்கிற நேரத்துக்கு ஒன்பதாவது வளைவில் இருப்பீர்கள். ஆறாம் நாள் விடிந்ததும் வால்பாறையிலிருந்து இறங்கிப் பழனி வழியாக வீடு. நீளமான நாள்தான், 390 கி.மீ. வரும். பழனியில் கூட்டம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், விஞ்ச் ரயில் வரிசையில் மூன்று மணி நேரம் போனால் கும்பகோணம் போய்ச்சேர நடுராத்திரி. முதலைப் பண்ணை அடுத்த தடவை.

மூணாறும் அடுத்த தடவைதான். அப்போது உடுமலை வழியாகப் போய் மறையூரில் தங்குங்கள். இரவிகுளம் கேட் மூணாறு–மறையூர் ரோட்டிலேயே இருக்கிறது, மூணாறு ஊர் நெரிசலுக்குள் போகவே வேண்டாம். மழை மறைவுப் பகுதி என்பதால் குளிரும் பெரியவர்களை வருத்தாது. ஏப்ரல் பாதிக்கு மேல் போனால் குட்டியோடு ஆடு பார்க்கலாம்.

வெட்டாறு:

தேதி போடும்போது அமாவாசையைப் பாருங்கள். ஆனைமலையில் மாசாணியம்மன் கோயில், தை அமாவாசையில் கொடியேறும் குண்டம் திருவிழா அதற்குள் முடிந்திருக்கும். ஆனாலும் ஒவ்வொரு அமாவாசைக்கும், செவ்வாய், வெள்ளிக்கும் கூட்டம் அலைமோதும். டாப்சிலிப் ரோடு அந்த ஊருக்குள்தான் போகிறது, காலையிலேயே வண்டி நகராது. மாசி அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் கிளம்பினீர்கள் என்றால், மாசி மகத்துக்கு ஐந்தாறு நாள் மிச்சம் வைத்து வீட்டில் இருப்பீர்கள்.

அரசலாறு:

சரி அண்ணே. நாள்காட்டியைப் பார்த்தாச்சு. அமாவாசைக்கு மறுநாளின் மறுநாள் விடிகாலை ஐந்துக்குக் கிளம்புகிறோம். இ-பாஸ் ரூம் ரசீது வந்ததும் எடுத்துவிடுகிறேன். பிரேக் ஆயில் மாற்றி நாலு வருஷம் ஆகியிருக்கிறது என்று மெக்கானிக் சொன்னார், இன்று சாயங்காலம் வண்டி அவரிடம்.